பென்டில் மலை ஓட்டம்: 7 கிலோமீட்டர்தானே, 40 நிமிடம் போதாதா?

2024 மே 6, காலை (பிரெஸ்டன் தம்பி ஒருவரின் கேள்வி)

வேலைக்காக இங்கிலாந்தில் லங்காஷயர் வந்து எட்டு மாதம் ஆகிறது. சனிக்கிழமை பூங்காவில் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓடுகிறேன். 10 கிலோமீட்டருக்கு 51 நிமிடம். ஆபீஸில் ஒருவர், பென்டில் மலையில் ஜூன் 12, புதன்கிழமை சாயங்காலம் ஃபெல் ரேஸ் (மலை ஓட்டப் போட்டி) இருக்கிறது, நீயும் வா என்கிறார். தூரம் 7 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர். 7 கிலோமீட்டருக்கு 40 நிமிடம் தாராளம் என்று நினைக்கிறேன். சரியா? ரோட்டில் ஓடும் ஷூ போதுமா? இதை ஓடிய தமிழர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மே 6, இரவு

இருக்கிறேன். இங்கே நெல்சன் ஊரில் பதினொரு வருடமாக நர்ஸ் வேலை, வயது 44. பாத்திரம் தேய்க்கிற இடத்திலிருந்து பார்த்தால் பென்டில் தெரியும். தெரிகிற நாளில் தெரியும். இந்த ஊர்க்காரர்கள் சொல்வது: பென்டில் தெரிந்தால் மழை வரப்போகிறது, தெரியாவிட்டால் மழை பெய்துகொண்டிருக்கிறது.

போன வருடம் இதுபோல இரண்டு போட்டி ஓடினேன். இரண்டிலும் பத்துக்குள் வந்தேன், பின்னாலிருந்து எண்ணினால். 40 நிமிடம் கொஞ்சம் கஷ்டம், 45 வைத்துக்கொள் தம்பி. ஷூ பற்றி அப்புறம் எழுதுகிறேன், நைட் டூட்டிக்குக் கிளம்ப வேண்டும்.

மே 7

45 என்று எழுதியதை அழித்துவிடு. வார்டில் இரண்டு மணிக்குக் கொஞ்சம் ஓய்ந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன வருடம் கிட்டத்தட்ட இதே தூரத்துக்கு எனக்கே ஒரு மணி நாலு நிமிடம் ஆனது. அதை மறந்துவிட்டு உனக்கு 45 சொல்லியிருக்கிறேன். மனசு வலியை மறந்துவிடுகிறது, பிரசவம் மாதிரி.

நெய்ஸ்மித் என்று ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். உன் போட்டிக்கு அதைப் போட்டால் நடந்து போகிறவருக்கு 2 மணி 10 நிமிடம் வருகிறது. நீ ஓடுகிறவன், அதில் பாதி என்று வை. முதலாவதாக வரும் பையன்கள் 33, 34 நிமிடத்தில் முடிப்பார்கள், அவர்கள் கணக்கே வேறு. அவர்கள் ஆட்டுக்குப் பிறந்தவர்கள்.

போட்டி அறிவிப்பில் "ஏ.எஸ்." என்று போட்டிருப்பார்கள், பார்த்தாயா? ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷன் என்று 1970-ல் தொடங்கிய சங்கம் வைத்திருக்கும் தரம் அது. ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டராவது ஏற்றம் இருந்தால் ஏ. 25 இருந்தால் பி. 20 இருந்தால் சி. ஏ என்றால் தார் ரோடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எஸ் என்பது 10 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம். உன்னுடையது கிலோமீட்டருக்கு 64 மீட்டர். சின்னப் போட்டி என்று பெயர்தான், இருப்பதிலேயே செங்குத்தான வகுப்பு.

மே 12

ஷூ. ரோட்டு ஷூவோடு போனால் ஈரப் புல்லில் இறங்கும்போது நீ ஓட மாட்டாய், சறுக்கு மரத்தில் வருவாய். அடிப்பகுதியில் நகம் மாதிரி ரப்பர் முளைகள் இருக்கும் ஷூ வேண்டும். பழைய ஆட்கள் போல்டனில் செய்யும் வால்ஷ் ஷூவைத்தான் சொல்வார்கள். இப்போது இனோவ்-8 போட்டவர்கள் நிறையப் பேர். நான் போட்டது கிளப்பில் ஒரு அம்மா கால் பெரிதாகிவிட்டது என்று பத்து பவுண்டுக்குக் கொடுத்தது. (கால் எப்படி அறுபது வயதில் பெரிதாகும் என்று நான் கேட்கவில்லை.)

மற்ற சாமான்: தலைமூடியோடு சேர்ந்த மழைக்கோட்டு, மழைக் கால்சட்டை, தொப்பி, கையுறை, வரைபடம், காம்பஸ், விசில், கொஞ்சம் தின்பண்டம். எல்லாம் இடுப்புப் பையில் அடங்க வேண்டும். வெயில் நாளில், அதுவும் சின்னப் போட்டியில், நடத்துகிறவர் சிலதை விட்டுவிடலாம் என்று சொல்வதுண்டு. சொன்னாலும் கொண்டுபோ. விசில் ஆபத்துக்கு: ஒரு நிமிடத்துக்குள் ஆறு தடவை ஊது, ஒரு நிமிடம் விடு, மறுபடி ஆறு. பனியனில் நம்பரைக் குத்த ஊக்கு நாலு கையோடு எடுத்துப்போ, அங்கே கொடுப்பது துருப்பிடித்திருக்கும்.

தின்பண்டத்துக்கு நான் கடலை மிட்டாய். லெஸ்டரிலிருந்து வருகிறது. ஒரு தடவை சாமான் சரிபார்த்த பெரியவர் அதைத் தூக்கிப் பார்த்து, இது கூழாங்கல்லா என்று கேட்டார்.

மே 13

சிலர் கேட்டிருக்கிறீர்கள், ஃபெல் என்றால் என்ன, மலை என்று சொன்னால் ஆகாதா என்று. வடக்கு இங்கிலாந்தில் மரமில்லாத மேட்டு மலைக்கு அந்தப் பெயர். பழைய நார்ஸ் மொழியில் ஃப்யால் என்றால் மலை, வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். விழுந்தான் என்பதற்கும் இங்கிலீஷில் அதே சொல்தான் என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணா, அந்த ஜோக்கை இங்கே ஒவ்வொரு புதன்கிழமையும் ஒருவர் சொல்கிறார்.

ஆனால் பென்டிலுக்கு ஃபெல் என்று பெயர் இல்லை, ஹில்தான். உயரம் 557 மீட்டர். நம் மருதமலையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது என்ன உயரம் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது.

ஜூன் 13, காலை

நேற்று ஓடினேன். தம்பிக்குக் காய்ச்சல் என்று வரவில்லை, நல்லதாகப் போயிற்று.

பார்லி கிராமத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு 90 பேருக்கு மேல் நின்றோம். 15 வயதுப் பையனும் உண்டு, 70 தாண்டிய பாட்டியும் உண்டு. கிராம மண்டபத்தில் பெயர் கொடுத்து நம்பர் வாங்கினோம். துப்பாக்கியெல்லாம் கிடையாது. ஒருவர் ஒரு கல்லின் மேல் ஏறி, மேலே கிளாக் இறங்கியிருக்கிறது, பார்த்துப் போங்கள், போங்கள் என்றார். இரண்டாவது "போங்கள்"தான் தொடக்கம் என்று எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. கிளாக் என்பது மலைத்தலையில் படுத்துக்கொள்ளும் மேகத்துக்கு இவர்கள் வைத்த பெயர்.

முதல் ஒரு கிலோமீட்டர் எல்லோரும் ஓடினோம், வயல்வழியாக. பண்ணை வீட்டைத் தாண்டி மலை எழும்புகிற இடத்தில் எல்லோரும் நடை. முன்னால் போகிறவர்கள்கூட. இரண்டு கையையும் முழங்காலுக்கு மேலே தொடையில் ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் அழுத்தி, குனிந்து. வயலில் நாற்று நடப் போகிற கூட்டம் மாதிரி இருக்கும். அந்தச் சரிவில் ஓடுவதைவிட வேகநடைக்குச் செலவு குறைவு. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மேலே போனால் ஆறடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உச்சியில் இருக்கும் நில அளவைத் தூணைத் தொட்டுவிட்டு வடக்கே கல் சுவர்வரை வந்து அங்கே வலப்பக்கம் இறங்க வேண்டும். சுவரருகே நின்ற மார்ஷல் (வழிகாட்ட நிறுத்தியிருக்கும் ஆள்), சுவரைத் தாண்டிப் போ என்று கையை ஆட்டினார். தாண்டினேன். தப்பான வழி. இறங்கி, இறங்கி, ஆட்டுத்தடம் பிடித்து, கடைசியில் டவுனம் என்ற ஊர்ப் பக்கத்து ரோட்டில் வந்து விழுந்தேன். மலைக்கு மறுபக்கம். வீட்டுக்காரரை போனில் கூப்பிட்டுக் காரில் வீடு வந்தேன். நடத்துகிறவர்கள் மார்ஷலுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

இதுதான் கதை. தம்பி, உனக்கு 40 நிமிடம். எனக்கு முடிவே இல்லை.

ஜூன் 14

படி இறங்க முடியவில்லை. ஏறுகிறேன், இறங்கத்தான் முடியவில்லை. நேற்றைவிட இன்று மோசம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது, அப்படித் தாங்கினால் நுண்ணிய கிழிசல் விழும், வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும். நோயாளிகளுக்குச் சொல்லத் தெரிகிற எனக்கு, மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கும்போது அந்த அறிவு உதவவில்லை. பையன் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறான். அம்மா போன் செய்து, பேய் மலையிலே உனக்கு என்னடி வேலை என்றார்.

அம்மாவுக்கு யாரோ சூனியக்காரிகள் கதையைச் சொல்லிவிட்டார்கள். 1612-ல் இந்த மலையடிவாரத்து ஆட்கள், பெரும்பாலும் ஏழைகள், சூனியம் வைத்தார்கள் என்று பிடித்து, லங்காஸ்டரில் பத்துப் பேரைத் தூக்கில் போட்டார்கள். இன்றைக்கு அது வியாபாரம். நடைபாதைக் குறியில் துடைப்பத்தில் பறக்கும் கிழவி. மான்செஸ்டரிலிருந்து வரும் பஸ்ஸுக்குக்கூட சூனியக்காரி பெயர். தூக்கில் போனவர்களில் பலர் ஒன்பது வயதுச் சிறுமி சாட்சி சொல்லிப் போனவர்கள் என்பது குவளையிலும் பனியனிலும் வராது.

ஜூன் 16

நேற்று முன்தினத்துக்கு முந்தின நாள் எழுதியதில் இரண்டு இடத்தில் நான் நியாயமாக எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, மார்ஷல். அந்த மனிதர் "தாண்டாதே" என்றுதான் சொன்னார். காற்று "டோன்ட்" என்பதைத் தின்றுவிட்டது, எனக்கு மீதிதான் வந்தது. கை ஆட்டினார் என்று எழுதினேனே, ஆட்டவில்லை. இரண்டு கையையும் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி வைத்திருந்தார். நான் அவரைச் சரியாகப் பார்க்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சிவப்புப் பனியன் போட்ட ஒருவர் போய்க்கொண்டிருந்தார், அவர் முதுகையே பார்த்துக்கொண்டு ஓடினேன். கால் மணி நேரம் அந்த முதுகைத் தொடர்ந்தேன். கீழே மேகத்துக்கு வெளியே வந்ததும் பார்க்கிறேன், அவர் கையில் கயிறு, கயிற்றில் நாய். போட்டிக்கு வந்தவரே இல்லை. அவருக்கும் பாவம், பின்னாலேயே ஒரு பொம்பளை மூச்சிரைக்க வருகிறாள் என்று பயம்போல. கொஞ்சம் வேகமாகத்தான் நடந்தார்.

பையில் வரைபடம் இருந்தது, காம்பஸ் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் நேரம் போய்விடும் என்று நினைத்தேன். பின்னாலிருந்து ஏழாவது இடத்தில் இருப்பவளுக்கு என்ன நேரம்?

இரண்டாவதுதான் பெரிய தப்பு. நான் காரில் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். முடிவிடத்துக்குப் போய், நான் விலகிவிட்டேன், நம்பர் இது என்று சொல்லவில்லை. வெட்கம். சேறு. குளிர். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சுடுதண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதரை மணிக்கு வீட்டுக்காரர் போனோடு குளியலறைக் கதவைத் தட்டுகிறார். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட என்று படிவத்தில் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். போனில் போட்டி நடத்துகிறவர்: எண்ணிக்கையில் ஒரு ஆள் குறைகிறது, மூன்று பேர் மறுபடி மேலே போய்த் தேடிக்கொண்டிருக்கிறார்கள், மலை மீட்புக் குழுவைக் கூப்பிடப் போன் கையில் எடுத்தாயிற்று.

திட்டுவார் என்று நினைத்தேன். "வீட்டில் இருக்கிறீர்களா? சரி, போதும். தேநீர் குடியுங்கள்" என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

ஜூன் 17

"முடிவில் போய்ச் சொல்லணும் என்பது சின்ன விஷயம்தானே, ஏன் இவ்வளவு?" என்று ஒருவர். சின்ன விஷயம் இல்லை. தொடக்கத்தில் எண்ணுகிறார்கள், ஒவ்வொரு காவல் புள்ளியிலும் நம்பரைக் குறிக்கிறார்கள், முடிவில் எண்ணுகிறார்கள். மூன்றும் பொருந்த வேண்டும். 2012 ஏப்ரலில் லேக் டிஸ்டிரிக்ட் என்ற மலைப் பகுதியில் நடந்த ஒரு போட்டியில் ஒருவர் திரும்பி வராமல் மலையிலேயே குளிரில் இறந்துபோனார். அதற்குப் பிறகு சங்கத்தின் பாதுகாப்பு விதிகள் எல்லாம் இறுகின. ஏப்ரல் மாதம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், டிசம்பர் இல்லை. வியர்த்த உடம்பு, மெல்லிய பனியன், காற்று. நின்றுவிட்டால் பத்து நிமிடத்தில் பல் கிட்டிக்கும். கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்தவருக்குத்தான் அந்த மழைக்கோட்டு.

வார்டில் ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை எண்ணித்தான் ஒப்படைப்போம். ஒரு படுக்கை காலியாக இருந்து, எங்கே என்று யாருக்கும் தெரியாவிட்டால் என் வயிறு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் இப்படிச் செய்தேன்.

ஜூன் 20

திசைமாறிப் போகிறது, பரவாயில்லை. "பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு" என்று எழுதியவரிடம் சண்டை போட எனக்கு நேரமில்லை. ஆனால் அந்தக் கேள்வி இந்த ஊரிலும் பழசு. 1955-ல் ஸ்காட்லாந்தில் கேத்லீன் கானகி என்ற 16 வயதுப் பெண் பென் நெவிஸ் மலைப் போட்டியில் ஓடக் கேட்டாள், அனுமதி இல்லை. ஆண்கள் கிளம்பிய பிறகு தனியாகக் கிளம்பி, மேலே போய்க் கீழே வந்தாள். மூன்று மணி இரண்டு நிமிடம். பெண்கள் முறைப்படி இந்த மலைப் போட்டிகளில் ஓட 1970-களின் பின்பாதி ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் சித்திரை வந்தால் அண்ணன்மார் வெள்ளியங்கிரி ஏறப் போவார்கள். ஏழு மலை. பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு போவார்கள். நான் அப்பாவோடு கோயில் வாசலில் உட்கார்ந்து அவர்கள் வரும்வரை பொரி தின்பேன். பத்து வயதுக்குமேல் ஐம்பது வயதுக்குள் பெண்கள் ஏறுவதில்லை என்பது அங்கே வழக்கம். சின்ன அண்ணன் இறங்கி வந்ததும் சொல்வான், ஏறுவது ஒன்றுமில்லை, இறங்குவதுதான் உயிரை வாங்குது, முட்டி நடுங்குது. நான் நம்பவில்லை. பீலா விடுகிறான் என்று நினைத்தேன். அவனுக்கு முப்பது வருடம் தாமதமாக ஒரு மன்னிப்பு கேட்டு மெசேஜ் போட்டேன். பதிலுக்கு என் படிக்கட்டுப் படத்தை அனுப்பினான்.

எனக்கு ஐம்பதுக்கு இன்னும் ஆறு வருடம். பார்ப்போம்.

ஜூலை 1

மலை ஓட்டத்தில் பெரிய பேர், ஜாஸ் நெய்லர், வெள்ளிக்கிழமை போய்விட்டார். வயது 88. லேக் டிஸ்டிரிக்டில் வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு மேய்த்தவர். கிளப் வாட்ஸ்அப்பில் வேறு பேச்சே இல்லை.

சின்ன வயதில் முதுகில் அடிபட்டு, அறுவை செய்து முதுகெலும்பில் இரண்டு தட்டுகளை (டிஸ்க்) எடுத்துவிட்டார்களாம். இனி கடின வேலை வேண்டாம் என்ற முதுகு அது. முதல் போட்டியில் வேலைக்குப் போடும் பூட்ஸோடும், கால்சட்டையை முழங்காலில் வெட்டிவிட்டும் ஓடியிருக்கிறார். 1975-ல் ஒரே நாளுக்குள் 72 சிகரம். 60 வயதில் 60 சிகரம், 70 வயதில் 70 சிகரம். வயதுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவது போல இவர் மலை ஏறினார்.

எங்கள் கிளப்பில் ஒருவர் சொன்னது: அந்த மனிதர் இறங்கும்போது காலைப் பார்க்க மாட்டார், பத்து அடி முன்னாலேயே கண் இருக்கும், காலுக்குத் தெரியும். ஆட்டின் பின்னால் வாழ்நாள் முழுக்க ஓடியவருக்குக் காலுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை, நான் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கும்பிட்டு இறங்குகிறேன்.

ஜூலை 3

தம்பி கேட்டிருக்கிறான்: "அக்கா, அப்படியானால் ஏற்றத்துக்குப் பயிற்சி எடுக்கவா, இறக்கத்துக்கா?" இறக்கத்துக்கு. ஏற்றத்தில் நீ முந்துகிற ஆளை அவர் இறக்கத்தில் ஒரே நிமிடத்தில் திருப்பி முந்துவார். யார்க்ஷயரில் பர்ன்சாலில் ஆகஸ்டில் ஒரு போட்டி, மொத்தமே ஒன்றரை மைல், 900 அடி நேராக ஏறி நேராக இறங்குவது. அங்கே 1910-ல் டால்செல் என்பவர் 12 நிமிடம் 59.8 நொடியில் ஓடியதாகக் குறித்தார்கள். இறங்கிய வேகத்தை நம்ப முடியாமல் கடிகாரம் தப்பு என்று சிலர் இன்னும் சண்டை போடுகிறார்கள். 1977-ல்தான் ஃப்ரெட் ரீவ்ஸ் அதை உடைத்தார். 67 வருடம் நிலைத்த சாதனை, சண்டை அதற்கும் மேலே போகிறது.

எப்படி இறங்குவது: பின்னால் சாயாதே, சாய்ந்தால் குதிகால் வழுக்கும். சின்னச் சின்ன அடி. கையை விரித்துக்கொள், கோழி துரத்துகிற மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. பயத்தில் பிரேக் போடப் போடத்தான் தொடை போகும். இதெல்லாம் எனக்குச் சொல்லத்தான் தெரியும்.

ஜூலை 28

தனியாக மேலே போய் வந்தேன், வெயில். சுவரருகே நின்று பார்த்தேன். சரியான இறக்கம் சுவருக்கு இந்தப் பக்கமே, கல் பாவிய படியாகப் பளிச்சென்று இருக்கிறது. குழந்தைகூடப் போகும். அன்றைக்கு மேகத்தில் அதிலிருந்து பத்தடி தள்ளி நின்றிருக்கிறேன்.

பெரணி இப்போது இடுப்பு உயரம். அதற்குள் ஓடிவிட்டு வந்தால் உண்ணி பாருங்கள், முழங்கால் மடிப்பில், இடுப்புப் பட்டையில். நம் ஊர் மாட்டு உண்ணி மாதிரி பெரிதாக இருக்காது, கசகசா அளவுதான். சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். வளையமாகச் சிவந்தால் டாக்டரிடம் போங்கள், லைம் நோயாக இருக்கலாம். இதை மட்டும் நர்ஸாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் தோற்றவள் சொல்வது.

ஆகஸ்ட் 22

அன்றைக்குப் போனில் பேசியவரை நேரில் பார்த்தேன். கேக் எடுத்துப் போனேன். ரவா கேசரி செய்யலாம் என்று நினைத்து, அதைக் கேக் என்று எப்படி விளக்குவது என்று விட்டுவிட்டேன். மன்னிப்பு கேட்டேன். அவர், மன்னிப்பெல்லாம் வேண்டாம், செப்டம்பர் போட்டிக்கு மார்ஷல் ஆள் குறைகிறது, வருகிறாயா என்றார். எந்த இடம் என்றேன். சிரித்தார்.

சுவர்தான்.

செப்டம்பர் 15, இரவு

காலை பத்து மணிக்கே மேலே போய்விட்டேன். ஐந்து அடுக்குத் துணி, பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி, கிளிப் போட்ட அட்டை, பென்சில். பேனா வேண்டாம் என்று அவர்தான் சொன்னார், ஈரத்தில் எழுதாது. கிளாக் இல்லாத நாளாக இருக்கும் என்று பார்த்தால், பத்தரைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது, என்னைப் பார்க்கத்தான் வந்த மாதிரி.

ஒன்று சொல்கிறேன். ஓடும்போது மார்ஷல் சும்மா நிற்கிறார் என்று நினைத்திருந்தேன். முதல் ஆள் மேகத்திலிருந்து வெளியே வருவதற்கும் என்னைத் தாண்டுவதற்கும் மூன்று நொடி. அதற்குள் நெஞ்சில் நம்பரைப் படிக்க வேண்டும், அவர் கையால் மறைத்திருப்பார், அல்லது மழைக்கோட்டு மூடியிருக்கும். "நம்பர்!" என்று கத்த வேண்டும். எழுத வேண்டும். அதற்குள் நாலு பேர் கொத்தாக. 41-ஐ 47 என்று எழுதினேனோ என்று இப்போதும் சந்தேகம்.

84 பேர் வர வேண்டும். 83 எண்ணினேன். எல்லோரும் போய்விட்டார்கள், கடைசியில் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு வரும் ஆளும் வந்துவிட்டார். 83தான். நம்பர் 29 இல்லை. காற்றில் நின்று மூன்று தடவை பட்டியலை விரலால் தடவினேன். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன், வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. விசில் சத்தம் கேட்கிறதா என்று தொப்பியைக் கழற்றிக் காதைக் கொடுத்து நின்றேன். வயிற்றில் புளியைக் கரைத்தது. ஜூன் மாதம் ஒருவர் என் நம்பருக்காக இப்படித்தான் நின்றிருப்பார். நான் அப்போது சுடுதண்ணீரில் இருந்தேன்.

ஏழெட்டு நிமிடம் கழித்து ரேடியோவில் வந்தது: 29 முதல் வேலியிலேயே கணுக்கால் பிசகி விலகிவிட்டது, முடிவிடத்தில் சொல்லியாயிற்று, டீ குடித்துக்கொண்டிருக்கிறது. அந்த 29-ஐப் போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

செப்டம்பர் 16

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன், தம்பியே எழுதுவான் என்று பார்த்தேன், அவன் படி இறங்கிக்கொண்டிருக்கிறான் போல. நேற்று அவனும் ஓடினான். முதல் போட்டி. 58 நிமிடம். 40 இல்லை.

என் இடத்துக்கு வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு யோசனை. இவனுக்கு மட்டும் தமிழிலேயே கத்திவிடலாம், ஊர்க்காற்று தமிழைத் தின்னாது என்று. "சுவரைத் தாண்டாதே" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. இங்கிலீஷில் வேண்டாம் என்பது முன்னால் வரும், காற்று தலையைத் தின்றது. தமிழில் அது வாலில் இருக்கிறது. காற்று வாலைத் தின்றால் "தாண்டா" என்று கேட்கும், இவன் "தாண்டுடா" என்று எடுத்துக்கொண்டு டவுனம் போய்ச் சேருவான்.

மேகத்துக்குள்ளிருந்து தலைதெறிக்க வந்தான், கண் சுவருக்கு அந்தப் பக்கம். நான் குறுக்கே போய் நின்று, கையை நீட்டி, "இந்தப் பக்கம் வாடா!" என்றேன். பக்கத்தில் வந்த இரண்டு வெள்ளைக்காரர்களும் சேர்ந்து திரும்பினார்கள்.

நம்பர் 63. எழுதிக்கொண்டேன்.